புள்ளிச் சிறகுக் கொசு

1809 முதல் 1811 வரை திண்டுக்கல், மதுரை, கோயம்புத்தூர், திருநெல்வேலிச் சீமைகளில் ஒரு கொள்ளைக் காய்ச்சல் பரவியது. கும்பினி அரசு மருத்துவர் குழு ஒன்றை அமைத்து ஆராயச் செய்தது. அக்குழுவின் அறிக்கை 1816-இல் இலண்டனில் அச்சாயிற்று. சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே இத்தகைய காய்ச்சலுக்குக் காரணம் என்று மருத்துவ உலகம் நம்பியிருந்த காலம் அது. மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள். கொசுவின் வயிற்றுக்குள் சான்றைக் கண்டுபிடிக்க 1897 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கண்டவர் சர் ரொனால்டு ராஸ். 1857-இல் இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் பிறந்தவர். தந்தை இராணுவ அதிகாரி. மகனுக்குக் கவிதையிலும் இசையிலும் கணக்கிலும்தான் நாட்டம். தந்தையின் விருப்பத்திற்காகவே மருத்துவம் படித்தார். (இந்த இடத்தில் நம் வகுப்பில் பலர் பெருமூச்சு விடுவார்கள்.) 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார்.

மலேரியா நோயாளியின் இரத்தத்தில் ஒட்டுண்ணி இருப்பதை லவரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1880-இலேயே கண்டிருந்தார். அதைக் கொசு எடுத்துச் செல்லக்கூடும் என்று இலண்டனில் பாட்ரிக் மான்சன் கருதினார். 1894-இல் அவரைச் சந்தித்த ராஸ், மறு ஆண்டு செகந்திராபாத் திரும்பியதும் வேலையைத் தொடங்கினார்.

இங்கேதான் அவருடைய சோதனைக் காலம் தொடங்குகிறது. கொசு என்றால் எல்லாம் கொசுதானே என்று நாம் நினைப்பதைப் போலத்தான் அன்றைய மருத்துவர்களும் நினைத்தனர். ராஸ் பூச்சியியல் பயின்றவர் அல்லர்; இந்தியக் கொசுக்களை வகைப்படுத்திச் சொல்லும் நூலும் அவர் கையில் இல்லை. சாம்பல் நிறக் கொசு, வரிக்கொசு என்று தாமே பெயரிட்டுக்கொண்டார். இன்று நாம் கியூலெக்ஸ், ஏடிஸ் என்பவை அவை. புழுக்களைப் பிடித்து வளர்த்து, கொசுவாக்கி, நோயாளியைக் கடிக்கவிட்டு, ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். கொசுக்கள் பறந்துவிடும் என்று பங்காவையும் நிறுத்திவிட்டார். வியர்வையில் நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்தன. ஈராண்டு உழைத்தும் ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாதது இயற்கையே, அந்த இரண்டு வகைகளின் உடலிலும் மனித மலேரியா ஒட்டுண்ணி வளர்வதில்லை.

1897 ஆகஸ்டில் அவருடைய உதவியாளர் ஒருவர் வேறுவகைப் புழுக்களைக் கொண்டுவந்தார். அவற்றிலிருந்து வெளிவந்த கொசுக்களின் சிறகுகளில் கரும்புள்ளிகள் இருந்தன. உசேன் கான் என்ற நோயாளி, கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓரணா வீதம் கூலி பெற்றுத் தம் உடலைக் கொடுத்தார். நான்கு நாள் கழித்து, ஆகஸ்டு 20-ஆம் நாள், ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில் கரிய நிறமித் துகள்கள் கொண்ட உருண்டை உயிரணுக்களை ராஸ் கண்டார். மறுநாள் அறுத்த கொசுவில் அவை மேலும் பெருத்திருந்தன. வளர்கின்றன என்றால் உயிருள்ளவை என்று அவருக்கு விளங்கிவிட்டது. நோபல் பரிசு ஐந்தாண்டு கழித்து, 1902-இல் வந்தது. அந்த ஓரணாக்காரரை நம் பாடநூல்கள் சொல்வதில்லை என்பது என் மனக்குறை.

1898-இல் கல்கத்தாவில் ராஸ் பறவை மலேரியாவை ஆராய்ந்தபோது, முன்பு கைவிட்ட அதே சாம்பல் நிறக் கொசுதான் அந்நோயைப் பரப்பக் கண்டார். ஆக, எந்த ஒட்டுண்ணிக்கு எந்தக் கொசு என்பதே கேள்வியாயிற்று. மனித மலேரியாவுக்கு அனாபிலிஸ்தான் என்பதை இத்தாலியில் கிராசி குழுவினர் உறுதி செய்தனர். அவரோடு ராஸ் நடத்திய சண்டை நெடுங்காலம் நீடித்தது. அது இருவருக்கும் அழகன்று. ராஸ் 1932-இல் இலண்டனில் காலமானார்.

அனாபிலிஸை அறிய இன்று ஆய்வகம்கூட வேண்டா. சுவரில் தலை தாழ்த்தி, வால் தூக்கிச் சாய்வாக அமரும். அதன் புழு நீர்ப்பரப்போடு ஒட்டிப் படுத்திருக்கும். கியூலெக்ஸ் புழு தலைகீழாகத் தொங்கும். தண்ணீர் வரும் நாளில் பிடித்துத் தொட்டியில் தேக்கும் நம் ஊரில் எவரும் பார்க்கலாம்.

ஆனால் அனாபிலிஸுக்குள்ளேயே வகைகள் பல. ராஸ் கண்டது ஸ்டீபன்சி என்று கருதுகின்றனர். கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளர்வது அது. கிராமப்புறங்களில் மலேரியாவைப் பரப்பும் கியூலிசிபேசிஸ், பார்வைக்கு ஒன்றேயாயினும் உண்மையில் ஐந்து இனங்களின் கூட்டம். அவற்றுள் ‘பி’ எனப்படுவது நோயைப் பரப்புவதில் மிகவும் பின்தங்கியது. சிறகைப் பார்த்து இவற்றைப் பிரிக்க இயலாது. குரோமோசோம் பட்டைகளைப் பார்த்துத்தான் முதலில் பிரித்தார்கள்.