பஞ்சக் கடனில் தவித்த மைசூரை மின்சாரம் வரை கொண்டு சென்ற கல்பாத்திப் பகுதித் திவான்

பாலக்காடு கல்பாத்தியை அடுத்த குமாரபுரம் அக்ரஹாரத்தில் 1845-ல் பிறந்தவர் சர் கே.சேஷாத்ரி ஐயர். சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1868-ல் மைசூர் சமஸ்தானப் பணியில் சேர்ந்தார். திவான் ரங்காசார்லுவின் மறைவைத் தொடர்ந்து 1883-ல் அப்பதவிக்கு வந்தார்.

அவர் ஏற்ற கருவூலம் நெருக்கடியில் இருந்தது. 1876-78 பஞ்சம் சமஸ்தானத்தின் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைப் பறித்ததோடு, பிரிட்டிஷ் இந்திய அரசுக்கு 80 லட்சம் ரூபாய் கடனையும் விட்டுச் சென்றிருந்தது. ஆண்டுதோறும் 24.5 லட்சம் ரூபாய் கப்பமும் செலுத்த வேண்டும். இது சமஸ்தான வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இதை 35 லட்சமாக உயர்த்தவும் ஆங்கிலேயர் முடிவு செய்திருந்தனர். எனினும் அந்த உயர்வு 1896 வரை ஒத்திவைக்கப்பட்டது. இந்த இடைவெளி கிடைக்காதிருந்தால் பின்வந்த திட்டங்கள் பலவும் ஏட்டளவில் நின்றிருக்கும்.

மழை பொய்த்தால் நிலவரியும் பொய்க்கும் என்பது பஞ்சம் கற்பித்த பாடம். எனவே, கடன் வாங்கியேனும் ரயில் பாதைகளை நீட்டினார். கோலார் தங்கச் சுரங்கங்கள் செலுத்திய 5 சதவீத உரிமத்தொகை, வானத்தை நம்பாத வருவாயாக அமைந்தது. ஆண்டு வரவு-செலவு விவரம் பிரதிநிதிகள் சபையில் வாசிக்கப்பட்டது. ஆனால், வரிவிதிப்பை மாற்றும் அதிகாரம் அச்சபைக்கு இல்லை.

செலவிலும் தயங்கவில்லை. பெங்களூருக்கு ஹெசரகட்டாவிலிருந்து குடிநீர் வந்தது. 1898-ல் வேதவதி ஆற்றின் குறுக்கே மாரிகணிவே அணைப்பணி தொடங்கியது. காவிரி நீர் குறித்து சென்னை மாகாணத்துடன் 1892-ல் ஏற்பட்ட ஒப்பந்தமும் இவர் காலத்ததே. தமிழக வாசகர்களுக்கு அதன் தொடர்கதை தெரிந்ததுதான். உயர்பதவிகளில் சென்னை மாகாணத்தவருக்கே முன்னுரிமை தருகிறார் என்ற மைசூர்க்காரர்களின் மனக்குறை அவரை இறுதிவரை தொடர்ந்தது. அது முற்றிலும் ஆதாரமற்றது எனக் கூற இயலாது.

அவரது துணிச்சலான செலவு சிவனசமுத்திரம் நீர்மின் திட்டம். காவிரி அருவியிலிருந்து சுமார் 148 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டு செல்வது அன்றைய உலகில் அரிய முயற்சி. தனியாரிடம் விடாமல், சமஸ்தானமே முதலீடு செய்தது. மின்கட்டணம் கருவூலத்துக்கு வந்து சேர்ந்தது.

உடல்நலம் குன்றிப் பதவி விலகிய அவர், 1901 செப்டம்பரில் காலமானார். கோலாருக்கு மின்சாரம் சென்றது 1902 ஜூனில். உயர்த்தப்பட்ட 10.5 லட்சம் ரூபாய் கப்பத்தை ஆங்கிலேய அரசு தள்ளுபடி செய்ய 1920-களின் பிற்பகுதி வரை மைசூர் காத்திருக்க நேர்ந்தது.