குமிழியை வென்ற பேக்லண்ட்!

பெல்ஜியம் நாட்டில் கெண்ட் என்று ஒரு நகரம். அங்கே செருப்புத் தைத்துப் பிழைத்த ஓர் ஏழைக்கு 1863-ம் ஆண்டு ஒரு மகன் பிறந்தான். தாய், பிறர் வீட்டில் வேலை செய்தவர். அவர்தான் மகனைப் படிக்கத் தூண்டினார்.

அந்தப் பையன்தான் லியோ பேக்லண்ட்.

உபகாரச் சம்பளத்தில் படித்தார். 20 வயதில் டாக்டர் பட்டம் பெற்றார். தம் ஆசிரியரின் மகளையே மணந்தார். 1889-ல் மனைவியுடன் அமெரிக்கா போனவர், அங்கேயே தங்கிவிட்டார். விளக்கு வெளிச்சத்தில் படம் அச்சிடும் புகைப்படத் தாளைக் கண்டுபிடித்து, 1899-ல் ஈஸ்ட்மன் கம்பெனிக்கு விற்றார். பணம் குவிந்தது.

வேறொருவர் என்றால் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். பேக்லண்ட், வீட்டிலேயே ஆராய்ச்சிக்கூடம் அமைத்தார்!

பொங்கிய பிசின்

மின்சாரக் கம்பிகளுக்குப் பூச அப்போது அரக்குதான் உதவியது. அரக்கு, மரத்தில் வாழும் சின்னஞ்சிறு பூச்சிகள் தருவது. பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போயிற்று. பூச்சிகள் எவ்வளவுதான் தரும்?

பேக்லண்ட் மாற்றுப் பொருள் தேடினார். கார்பாலிக் அமிலத்தையும் பார்மலினையும் (செத்த உயிர்களைக் கெடாமல் வைக்கிறார்களே, அந்தத் திரவம்) சேர்த்துக் காய்ச்சினால் ஒரு பிசின் உண்டாகும். 1872-லேயே ஜெர்மன் விஞ்ஞானி பேயர் இதைக் கண்டிருந்தார். ஆனால் சூடு ஏறியதும் அது நுரைத்துப் பொங்கும். உள்ளெல்லாம் குமிழி. ஆறினால் ரொட்டி போல ஓட்டை ஓட்டையாக இருக்கும்!

மற்றவர்கள் சூட்டைக் குறைத்துப் பார்த்தார்கள். பேக்லண்ட் கூட்டினார்! கனத்த இரும்புக் கொப்பரையில் இட்டு, மூடியை இறுக்கி, அழுத்தத்தில் காய்ச்சினார். குமிழி கிளம்ப வழியில்லை. பொருள் கெட்டியாக வந்தது. சூட்டில் உருகாது, தண்ணீரில் கரையாது, மின்சாரம் பாயாது. 1907-ல் காப்புரிமைக்கு மனுச் செய்தார். தம் பெயரையே சேர்த்து 'பேக்கலைட்' என்று அழைத்தார்.

தனியாக இருந்தால் அது எளிதில் உடையும். மரத்தூளும் கல்நார் இழையும் கலந்தார்கள், உறுதி வந்தது. துணியைப் பிசினில் தோய்த்து, அடுக்கி, அழுத்திச் சூடாக்கினால் பல்சக்கரமே செய்யலாம்! பழைய வீடுகளில் இருந்த கறுப்புச் சுவிட்சும், கறுப்பு டெலிபோனும் பேக்கலைட்தான்.

காற்றே அழுத்தும்!

இன்று படகு, விமானப் பாகங்களுக்குக் கண்ணாடி இழைத் துணி வந்துவிட்டது. பிசினும் வேறு. பகை மட்டும் அதே குமிழிதான்.

அச்சின் மேல் துணியைப் பரப்பிப் பிசின் தடவுகிறார்கள். அதைப் பிளாஸ்டிக் உறையால் மூடி, ஓரங்களை ஒட்டி, பம்பு வைத்து உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சுகிறார்கள். குமிழிகளும் அதோடு வெளியேறுகின்றன. வெளிக்காற்று, சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ கனத்தில் துணியை அமுக்குகிறது. அந்த அழுத்தம் போதாத விமானப் பாகங்களை உறையோடு பெரிய இரும்புக் கலனில் வைத்து, மேலும் அழுத்திச் சூடாக்குவார்கள். பேக்லண்டின் கொப்பரை வேலைதான் அது!

பேக்லண்ட் பெரும் செல்வரானார். ஆனாலும் முதுமையில் டப்பாவில் அடைத்த உணவை அப்படியே தின்று பசியாறுவார். 1939-ல் கம்பெனியை விற்றார். 1944-ல், 80-வது வயதில் காலமானார். அவருடைய பழைய இரும்புக் கொப்பரை, வாஷிங்டன் நகர அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.