உஸ்தாத் மன்சூர்

உஸ்தாத் மன்சூர் 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 17ஆம் நூற்றாண்டின் முதற் கால் பகுதியிலும் முகலாய அரசவையில் பணியாற்றிய ஓவியர் ஆவார். விலங்குகள், பறவைகள், மலர்கள் ஆகியவற்றைச் சிற்றோவியங்களாக நீர்வண்ணத்தில் வரைவதில் புகழ் பெற்றவர். பேரரசர் ஜஹாங்கீர் இவருக்கு "நாதிர் அல்-அசர்" (காலத்தின் அதிசயம்) என்னும் பட்டத்தை வழங்கினார். மொரிசியசு தீவில் மட்டும் வாழ்ந்து அழிந்துபோன டோடோ பறவையின் மிகச் சரியான ஓவியங்களுள் ஒன்று இவர் வரைந்ததாகவே கருதப்படுகிறது.

வாழ்க்கை

மன்சூரின் பிறப்பு, பெற்றோர், ஊர் பற்றிய செய்திகள் கிடைக்கவில்லை. ஓவியங்களின் ஓரங்களில் எழுதப்பட்ட பெயர்க் குறிப்புகளும், ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பு நூலில் எழுதிவைத்துள்ள சில செய்திகளுமே இவரது வாழ்க்கைக்கான சான்றுகள்.

அக்பரின் ஆட்சியின் (1556 - 1605) பிற்பகுதியில் இவர் அரச ஓவியக்கூடத்தில் சேர்ந்தார். அக்காலத்தில் ஒரே ஓவியத்தில் பலர் பணி புரிந்தனர். மூத்த ஓவியர் உருவங்களை வரைந்து தர, இளையவர் வண்ணம் தீட்டுவார். அக்பர்நாமா கையெழுத்துப் படியில் மன்சூர் பெயர் அவ்வாறு துணை ஓவியராகவே வருகிறது. தொடக்கக் காலக் குறிப்புகளில் இவர் "நக்காஷ்" என அழைக்கப்படுகிறார். நூல்களின் பக்கங்களைப் பூவேலைகளால் அணி செய்பவரை இச்சொல் குறிக்கும். மிக நுண்ணிய கோடுகளை இடும் பழக்கம் அவருக்கு இத்தொழிலிலிருந்தே கைவந்திருக்க வேண்டும்.

பாபரின் நினைவுக் குறிப்புகள் 1589இல் பாரசீகத்தில் மொழிபெயர்க்கப்பட்டன. இந்தியாவில் தாம் கண்ட விலங்குகளையும் பறவைகளையும் பாபர் அந்நூலில் விரிவாக எழுதியிருந்தார். அதன் படிகளுக்கு ஓவியம் வரைந்தவர்களுள் மன்சூரும் ஒருவர். விலங்குகளை வரையும் வாய்ப்பு இவருக்கு முதலில் அமைந்தது இங்கேதான் எனலாம். மனித உருவங்களை இவர் வரைந்தது குறைவு. நௌபத் கான் என்னும் இசைக்கலைஞர் வீணையுடன் நிற்கும் ஓவியம் அவற்றுள் சிறந்தது. இது இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஜஹாங்கீர் அவையில்

1605இல் அரியணை ஏறிய ஜஹாங்கீர் இயற்கையை உற்று நோக்குவதில் தீராத ஆர்வம் கொண்டவர். தாம் வளர்த்த சாரசக் கொக்கு இணை ஒன்று முட்டையிட்டு அடைகாத்ததை நாள்தோறும் கவனித்துப் பதிவு செய்தவர். அரசருக்குப் பிடித்த விலங்கை அழகாக வரைந்தால் மட்டும் அங்கே போதாது. அது எப்படி இருந்ததோ அப்படியே ஓவியத்திலும் இருக்க வேண்டும்.

1612இல் முகர்ரப் கான் என்னும் அதிகாரி கோவாவிலிருந்து அவை அதுவரை கண்டிராத விலங்குகளைக் கொண்டுவந்தார். படிப்பவர் நம்ப மறுக்கலாம் என்பதால், அவற்றை எழுத்தில் வருணிப்பதோடு நில்லாமல் வரைந்தும் வைக்குமாறு ஜஹாங்கீர் ஆணையிட்டார். அவ்வாறு வரையப்பட்டதே மன்சூரின் வான்கோழி ஓவியம். அமெரிக்கக் கண்டத்துப் பறவையான வான்கோழி போர்த்துக்கேயரின் கப்பல்கள் வழியே இந்தியாவுக்கு வந்த தொடக்கக் காலம் அது. கழுத்தில் தொங்கும் சிவந்த தசை மடிப்புகளையும் இறகு வரிசைகளையும் மன்சூர் தனித்தனியே தீட்டியுள்ளார். பின்னணி வெறுமையாகவே விடப்பட்டுள்ளது.

1619இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் அனுப்பிய வல்லூறு ஒன்று பூனையால் தாக்கப்பட்டு இறந்தது. இறந்த அப்பறவையின் உருவத்தையும் வரைந்து வைக்கும்படி மன்சூர் பணிக்கப்பட்டார். 1620இல் ஜஹாங்கீருடன் காஷ்மீர் சென்ற இவர், அங்கு நூற்றுக்கும் மேற்பட்ட மலர்களை வரைந்தார். அவற்றுள் மிகச் சிலவே இன்று எஞ்சியுள்ளன. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள சிவப்பு டியூலிப் மலர் ஓவியம் அவற்றுள் ஒன்று.

1621இல் எத்தியோப்பியாவிலிருந்து வரிக்குதிரை ஒன்று வந்து சேர்ந்தது. கோடுகளை யாரோ சாயத்தால் தீட்டியிருப்பர் என ஐயுற்ற ஜஹாங்கீர், அவை இயற்கையானவையே என்று சோதித்து அறிந்த பின்னரே நம்பினார். விலங்கு பின்னர் ஷா அப்பாசுக்குப் பரிசாக அனுப்பப்பட்டது. ஓவியம் மட்டும் இங்கே தங்கியது. அதன் ஓரத்தில் ஜஹாங்கீரே தம் கைப்பட விவரங்களை எழுதியுள்ளார். வான்கோழி, வரிக்குதிரை ஓவியங்கள் இரண்டும் இப்போது இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன.

வரையும் முறை

முகலாயச் சிற்றோவியத்துக்குப் பல தாள்களை ஒட்டித் தடிப்பாக்கிய பரப்பு பயன்பட்டது. வண்ணங்கள் கனிமங்கள், தாவரங்கள் முதலியவற்றிலிருந்து பெறப்பட்டு, நீரில் பிசினுடன் குழைக்கப்பட்டன. அணில் மயிரால் ஆன தூரிகைகளால் வண்ணம் படலம் படலமாக ஏற்றப்பட்டது. இடையிடையே ஓவியத்தைக் கவிழ்த்துப் பின்புறத்தை வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினர். வின்சர் அரண்மனைத் தொகுப்பிலுள்ள மன்சூரின் பச்சோந்தி ஓவியத்தில் தோலின் சொரசொரப்பு நுண்புள்ளிகளால் காட்டப்பட்டுள்ளதை இம்முறையின் சிறந்த எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

டோடோ ஓவியம்

இரசியாவின் சென் பீட்டர்சுபர்க் நகரில் 1955இல் முகலாய ஓவியம் ஒன்று கவனத்துக்கு வந்தது. அதன் நடுவே டோடோ நிற்கிறது. அலெக்சாந்தர் இவானோவ் என்னும் ஆய்வாளர் 1958இல் ஜெர்மானியப் பறவையியல் இதழ் ஒன்றில் இதைப் பற்றி எழுதினார்.

டோடோவை வரைந்த ஐரோப்பியர் பலர் அதை அளவுக்கு மீறிப் பருத்த பறவையாகக் காட்டினர். உயிருள்ள பறவையைக் காணாமல் வரைந்ததும், கூண்டில் மிகையாகத் தீனியிட்டு வளர்த்ததும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இந்த ஓவியத்திலோ டோடோ மெலிந்து, பழுப்பு நிறத்தில் உள்ளது. இதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஓவியத்திலேயே சான்று இருக்கிறது. சுற்றிலும் உள்ள வரித்தலை வாத்து, கல்கௌதாரி இணை, இமயமலையின் டிராகோபன் கோழி, தலையில் நீலப் பொட்டுடைய மலாயச் சிறுகிளி ஆகியவற்றை இன்றும் நேரில் கண்டு ஒப்பிடலாம். (வரித்தலை வாத்து குளிர்காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்கும் வருகிறது.) அவற்றின் வடிவமும் நிறமும் பிழையின்றி இருப்பதால், டோடோவும் அவ்வாறே பார்த்து வரையப்பட்டது என்று கொள்ளலாம்.

மொரிசியசிலிருந்து டோடோ எப்படி இந்தியா வந்தது? பீட்டர் மண்டி என்னும் ஆங்கிலேயப் பயணி, சூரத்தில் இரண்டு டோடோக்களைப் பார்த்ததாக எழுதியுள்ளார். அவர் அங்கிருந்த காலம் 1628க்கும் 1633க்கும் இடைப்பட்டது. கப்பல்கள் வந்துபோன சூரத்தின் வழியே அரசரின் விலங்குத் தொகுப்புக்கு ஒன்று சென்றிருக்கலாம்.

இவ்வோவியம் மன்சூருடையது என்பது நடை, நுணுக்கம் ஆகியவற்றைக் கொண்டு கூறப்படும் கருத்தே. பிற்காலத்தில் மன்சூரின் பெயரைப் பொய்யாக எழுதி விற்ற படிகள் பல உண்டு என்பதால் இந்த எச்சரிக்கை தேவையாகிறது. எனினும் தீவுப் பறவை ஒன்றை உயிருடன் எதிரே நிறுத்தி ஒருவர் வரைந்தார் என்பதில் ஐயம் கொள்ள இடமில்லை. டோடோ உயிருடன் காணப்பட்டதாகப் பெரிதும் ஏற்கப்படும் கடைசிப் பதிவு 1662ஆம் ஆண்டினது. இன்று மொரிசியசின் நாணயத் தாள்களில் தமிழ் எழுத்தும் டோடோவின் நீர்க்குறி உருவமும் சேர்ந்தே இடம்பெறுகின்றன.

அறிவியல் முக்கியத்துவம்

கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் மன்சூர் வரைந்த சைபீரியக் கொக்கு, வங்க வரகுக்கோழி ஆகியவற்றின் ஓவியங்கள் உள்ளன. முன்னதற்குப் பல்லாசு 1773இலும், பின்னதற்குக் குமெலின் 1789இலும் அறிவியற் பெயர் சூட்டினர். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே மன்சூர் அவற்றை அடையாளம் காணத்தக்க வகையில் வரைந்துவிட்டார். பரத்பூருக்கு வலசை வந்துகொண்டிருந்த சைபீரியக் கொக்குகள் 2002க்குப் பின் அங்கு வருவது நின்றுபோனது. வங்க வரகுக்கோழியும் அழிவின் விளிம்பில் உள்ளது. முகலாய மன்னர்களின் இயற்கை ஆர்வம் குறித்துப் பறவையியலாளர் சாலிம் அலி 1927இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் கட்டுரைத் தொடர் எழுதத் தொடங்கினார்.

புதன் கோளில் உள்ள ஒரு கிண்ணக்குழிக்கு 1979இல் மன்சூர் எனப் பெயரிடப்பட்டது.