மண்ணைக் கற்ற சிற்பி

கட்டடத்தைக் கண்டு வியப்போர் பலர். கட்டியவரை எண்ணிப் பார்ப்போர் சிலர். வித்துராவில் பயிலும் தமிழ் மாணவர்களாகிய நாம் விடுமுறையில் திருவனந்தபுரம் சென்றால், நேப்பியர் அருங்காட்சியகத்தைக் காணாமல் திரும்புவதில்லை. அதை வரைந்த கரமே சென்னைக் கடற்கரையில் செனட் மாளிகையையும் வரைந்தது. அக்கரத்துக்கு உரியவர் இராபர்ட் சிசோம்.

1840-இல் இலண்டனில் பிறந்த சிசோம், இளமையிலேயே இந்தியா வந்து வங்காளத்தில் பொதுப்பணித் துறையில் அலுவல் ஏற்றார். சென்னை மாநிலக் கல்லூரிக்கும் செனட் மாளிகைக்கும் வரைபடம் கோரி 1864-இல் நடந்த போட்டியில் வென்றார். கல்லூரியை இத்தாலியப் பாணியில் அமைத்தார். நம் மண்ணில் எழுந்த அக்கட்டடம் ஐரோப்பாவையே நினைவூட்டியது.

அந்த அளவில் அவர் நின்றிருந்தால், ஆயிரத்தில் ஒருவராகி மறைந்திருப்பார். அவரோ கற்கத் தொடங்கினார். சேப்பாக்கம் மாளிகையின் வளைவுகளும் கவிகைகளும் அவர் கருத்தைக் கவர்ந்தன. 1879-இல் நிறைவெய்திய செனட் மாளிகையில் கிழக்கும் மேற்கும் கைகோத்தன. சென்னைக் கலைப் பள்ளியின் தலைமையையும் அவர் ஏற்று நடத்தினார்.

திருவிதாங்கூரில் அவர் கண்டது வேறு. இங்கே மழை மிகுதி. வெயிலோ புழுக்கம் நிறைந்தது. அதற்கேற்பத் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாக வகுத்த சரிந்த கூரையையும் மரவேலையையும் பத்மநாபபுரம் அரண்மனையில் நாம் இன்றும் காணலாம். அந்த மரபைத் தழுவியே, 1880-இல் முடிந்த அருங்காட்சியகத்தை அவர் அமைத்தார். அதன் சுவர்கள் இரட்டைச் சுவர்கள். இடையிலுள்ள காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. இயந்திரமின்றியே கூடம் குளிர்கிறது. அறிவியல் பயிலும் நமக்கு இதைவிட நல்ல பாடம் உண்டோ?

அரண்மனைக்கும் கல்லூரிக்கும் மட்டுமா அவர் உழைத்தார்? சென்னை அண்ணா சாலையில் பி. ஓர் அண்ட் சன்ஸ் கடிகாரக் கடையும் அவர் வரைந்ததே. இரு உலகப் போர்களுக்கு இடையே இங்கிலாந்தில் பர்ட்டன் என்னும் தையல் நிறுவனம், தனக்கெனக் கட்டடக் கலைஞரை அமர்த்தித் தன் கடைகளின் முகப்பையே விளம்பரமாக்கியது. அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே சிசோம் ஒரு கடைக்குக் கோபுரம் தந்து, தெருவில் செல்வோர்க்கும் மணி காட்டினார்!

பின்னர்ப் பரோடா சென்றார். மேஜர் மான்ட் 1881-இல் மறைந்ததால் முற்றுப்பெறாதிருந்த இலட்சுமி விலாச அரண்மனையை 1890-இல் முடித்துக் கொடுத்தார். முதுமையில் தாயகம் திரும்பி, 1915-இல் மறைந்தார்.

சிசோம் ஆளும் இனத்தவர். எனினும் இந்நாட்டுத் தச்சரிடம் கற்க நாணவில்லை. அவர் பெயர் நிலைத்தது. கல் சுமந்தோர், மரம் இழைத்தோர் பெயர்களோ நிலைக்கவில்லை. அக்குறை வரலாற்றின் குறை. அதை மறவாமலே அவரைப் போற்றுவோம்.

நண்பர்களே! நாமும் பிழைப்பும் படிப்பும் நாடி அயல் மண்ணுக்கு வந்தவர்களே. இம்மண்ணின் மொழியை, மழையை, மக்களின் கைத்திறனை எவ்வளவு கற்றோம்? பட்டம் பெற்றுச் செல்லும் நாளில் நம் ஒவ்வொருவர் முன்னும் நிற்க வேண்டிய வினா இதுவே.