சுவர்களை அறிந்த தீயணைப்பு வீரர்

உலகின் பெருநகரங்கள் பலவற்றில் தீயணைப்புச் சேவை இன்று மக்களின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. ஆயினும் இரு நூற்றாண்டுகளுக்கு முன்னர் நிலைமை அவ்வாறிருக்கவில்லை. அந்த மாற்றத்துக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரெய்ட்வூட்.

1800 ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் பிறந்த அவர், தந்தையாரின் கட்டடத் தொழிலிலேயே பயிற்சி பெற்றார். கல்லும் மரமும் எவ்வாறு பாரத்தைத் தாங்குகின்றன, எந்நிலையில் சரிகின்றன என்பதை இளமையிலேயே அறிந்துகொண்டார். 1824 இல், தமது 24 ஆவது வயதில், அந்நகரின் தீயணைப்புத் தலைவராக நியமிக்கப்பட்டார். சில வாரங்களுக்குள்ளேயே, அவ்வாண்டு நவம்பரில், நகரின் பெருந்தீ மூண்டது. அதிகாரிகள் பலரும் ஒன்றுக்கொன்று முரணான கட்டளைகளைப் பிறப்பித்தனர். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. தீயின் முன்னே கட்டளையிடுபவர் ஒருவராகவே இருக்க வேண்டும் என்ற பாடத்தை நகரம் பெரும் விலை கொடுத்தே கற்றது.

பிரெய்ட்வூட் தமது படைக்குக் கல் மேசன்மாரையும் தச்சரையும் கூரை வேய்வோரையும் தேடிச் சேர்த்தார். புகை சூழ்ந்த கட்டடத்தினுள் நுழைபவனுக்கு அதன் அமைப்புத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவரது எண்ணம். வீதியில் நின்று நீர் பாய்ச்சுவதில் பயனில்லை, உள்ளே சென்று தீயின் மூலத்தை அடைய வேண்டும் என அவர் வலியுறுத்தினார். இருளில் பணிபுரியப் பழகுவதற்காக அதிகாலையிலேயே பயிற்சி அளித்தார். இவ்வனுபவங்களை 1830 இல் நூலாகவும் வெளியிட்டார்.

1833 இல் இலண்டனின் காப்புறுதி நிறுவனங்கள் ஒன்றிணைந்து அமைத்த தீயணைப்புப் படைக்கு அவர் தலைமை ஏற்றார். மறு ஆண்டில் பாராளுமன்றக் கட்டடம் எரிந்தபோது, அது காப்புறுதி செய்யப்படாததாக இருந்தும் அவரது படை விரைந்தது. பழைமை வாய்ந்த வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் காப்பாற்றப்பட்டது. அதன் பின்னரும் தலைநகரின் தீயணைப்புப் பொறுப்பை ஏற்க அரசு முன்வரவில்லை.

குடும்ப வாழ்விலும் அவர் தொழிலின் துயரத்தைச் சுமந்தார். விதவையொருவரை மணந்து, அவரது முதல் மணத்துப் பிள்ளைகளுக்கும் தந்தையானார். அவர்களுள் ஒருவரும் தீயணைப்பு வீரராகிக் கடமையிலேயே உயிரிழந்தார். அந்த மகனை அடக்கம் செய்த பின்னரும் தந்தை தம் பணியைக் கைவிடவில்லை.

1861 ஜூன் 22 ஆம் திகதி, தேம்ஸ் நதிக்கரையிலுள்ள டூலி வீதியின் களஞ்சியசாலைகளில் தீ பற்றியது. சணலும் பருத்தியும் கொழுப்பும் அங்கே குவிந்து கிடந்தன. தீ பரவாமல் தடுக்க அமைக்கப்பட்ட இரும்புக் கதவுகள் மூடப்படாமல் விடப்பட்டிருந்தன. பெருங் களஞ்சியசாலைகளின் ஆபத்தைப் பற்றிப் பிரெய்ட்வூட் முன்னரே எச்சரித்திருந்தார். களைத்துப்போன தம் வீரர்களை அவர் தேற்றிக்கொண்டிருந்த வேளையில் சுவரொன்று இடிந்து வீழ்ந்து அவரது உயிரைப் பறித்தது. சுவர்களின் இயல்பை நன்கறிந்தவரின் முடிவு சுவராலேயே நேர்ந்தது. தீ முற்றாக அணைய இரு வாரங்கள் சென்றன.

அவரது இறுதி ஊர்வலம் ஏறத்தாழ ஒன்றரை மைல் நீண்டது. அப்னி பார்க் மயானத்தில், மகனின் கல்லறைக்கு அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

பாரிய இழப்பைச் சந்தித்த காப்புறுதி நிறுவனங்கள் இப்பொறுப்பைத் தொடர்ந்து சுமக்க மறுத்தன. 1865 இல் சட்டம் இயற்றப்பட்டு, மறு ஆண்டு இலண்டனின் பொதுத் தீயணைப்புப் படை உருவாகியது. அறிந்தவரின் எச்சரிக்கை உயிரோடிருக்கும்போது செவிமடுக்கப்படுவதில்லை. அவர் மறைந்த பின்னரே சட்டமாகின்றது. 2008 இல் எடின்பரோவில் எழுப்பப்பட்ட அவரது சிலையை வணங்குவதிலும் பார்க்க, தீத்தடுப்புக் கதவொன்றை உரிய வேளையில் மூடிவைப்பதே அவருக்குச் செய்யும் மெய்யான அஞ்சலியாகும்.