அடையாற்றில் எழுந்த மருத்துவச்சாலை

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். தந்தையார் நாராயணசாமி ஐயர், தாயார் சந்திரம்மாள். பெண்கள் கல்லூரி வாயிலை மிதிப்பதே புதுமையாக இருந்த நாளில், பலர் எதிர்த்தபோதும், ஆடவர் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மகாராசா கல்லூரியில் அவர் சேர்ந்து பயின்றார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னைச் சட்டமன்ற மேலவையின் முதற் பெண் உறுப்பினராகித் தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார். ஆதரவற்ற பெண்களுக்கு ஔவை இல்லத்தை நிறுவினார். இவை பலரும் அறிந்தவை. அவர் வாழ்வின் பிற்பகுதியை ஆட்கொண்ட பணி வேறொன்று.

1920களின் தொடக்கத்தில் அவருடைய தங்கை நோயுற்றார். முதலில் சீதபேதி எனக் கருதப்பட்ட அந்நோய், காலங்கடந்தே மலக்குடல் புற்று எனத் தெரிந்தது. தாமே மருத்துவராக இருந்தும் தங்கையைக் காக்க இயலாத துயரம் அம்மையாரை விட்டு நீங்கவில்லை. 1925இல் மேற்படிப்புக்காக இலண்டன் சென்றவர், புற்றுநோய்க்கென்றே தனியே இயங்கிய மருத்துவமனையை அங்குக் கண்டார். அத்தகைய ஒன்று தமிழ் மண்ணிலும் வேண்டும் என உறுதி பூண்டார்.

1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அவ்விருப்பத்தை வெளிப்படையாக அறிவித்தார். ஆதரவு எளிதில் கிட்டவில்லை. புற்று வந்தவர் பிழைப்பதில்லை, அதற்குப் பொருள் செலவிடுவது வீண் என்ற எண்ணமே அந்நாளில் மேலோங்கியிருந்தது. அம்மையார் சோரவில்லை. 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 சூன் 18ஆம் நாள் அடையாற்றில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறக்கப்பட்டபோது அம்மையாருக்கு அகவை 67.

மேனாட்டில் பயின்று திரும்பிய அவர்தம் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து இணைந்த டாக்டர் சாந்தாவும் அப்பணியைத் தாங்கினர். அறுவை, கதிர், மருந்து என மூன்று மருத்துவமும் வெவ்வேறிடங்களில் இருப்பின் நோயாளி அலைந்தே இளைத்துப்போவார். இம்மூன்றையும் ஒரே வளாகத்தில் அமைத்து, மருத்துவர்கள் கலந்து முடிவு செய்து, சிகிச்சை முடிந்தபின்னும் நோயாளியைத் தொடர்ந்து கண்காணிக்கும் முறை அங்கு வளர்ந்தது. அவ்வாறு திரண்ட பதிவுகளே ஆராய்ச்சிக்கும் அடிப்படையாயின. வறியவர் என்பதால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்பது நிறுவனத்தின் நெறியாயிற்று.

1956இல் பத்மபூசண் விருது பெற்ற அம்மையார், 1968 சூலைத் திங்கள் 22ஆம் நாள் மறைந்தார். 12 படுக்கைகளோடு தொடங்கிய அம்மருத்துவமனை, இன்று நாடெங்குமிருந்து நோயாளிகள் நாடிவரும் நிலையமாய் வளர்ந்து நிற்கின்றது.

காலங்கடந்து அறிந்ததே அவர் தங்கையின் உயிரைக் கொண்டது. ஆறாத வாய்ப்புண், மார்பில் தோன்றும் கட்டி, காரணமறியா இரத்தப்போக்கு ஆகியவற்றை நாணத்தாலோ அச்சத்தாலோ மறைப்போர் இன்றும் உளர். செல்லூரின் தறி வீடுகளிலும், வைகைக் கரையின் சிற்றூர்களிலும் அத்தகைய ஒருவரைக் காண நேரின், காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.