நாற்பது வயது மாணவர்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கும் பயன்பட வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். திரைப்படத் தொழில்நுட்பம் ஒரு தாள், பார்வையாளர் ஆய்வு இன்னொரு தாள் என்று தனித்தனியாகப் படித்துப் பரீட்சை எழுதியவன் நான். இரண்டும் ஒரே படிப்புதான் என்று எனக்குப் புரிய வைத்தது ஒருவருடைய வாழ்க்கை. ஒரு மார்க் கேள்விக்காக நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த தாதாசாகேப் பால்கேதான் அவர்.

துண்டிராஜ் கோவிந்த் பால்கே 1870 ஏப்ரல் 30 அன்று நாசிக்கை அடுத்த திரிம்பகேஷ்வரில் பிறந்தார். பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியிலும் பரோடா கலாபவனத்திலும் ஓவியம், போட்டோ என்று பல வித்தைகள் கற்றார். போட்டோ ஸ்டூடியோ, தொல்பொருள் துறையில் வரைவாளர் வேலை, அச்சகம் என்று எதிலும் நிலைக்கவில்லை. 1911-ல் பம்பாயில் ஏசுநாதர் சரித்திரப் படம் ஒன்றைப் பார்த்தார். திரையில் ஏசு நடக்க, இவர் மனசில் ராமரும் கிருஷ்ணரும் நடந்தார்கள். வயது நாற்பது. கையில் வேலை இல்லை. குடும்பம் பெரிசு.

அதற்கப்புறம் அவர் படித்த படிப்பைத்தான் நாம் கவனிக்க வேண்டும். கிடைத்த படத்தையெல்லாம் விடாமல் பார்த்தார். கண் கெட்டு, பார்வையே போய்விடுமோ என்ற நிலை வந்து, வைத்தியத்தால் மீண்டார். ஆயுள் காப்பீட்டுப் பாலிசியை அடகு வைத்து 1912-ல் லண்டன் போனார். செசில் ஹெப்வொர்த்தின் ஸ்டூடியோவில் கூட நின்று வேலையைப் பார்த்தார். வில்லியம்சன் கேமராவோடு ஊர் திரும்பினார்.

முதல் பயிற்சிப் படத்தின் கதாநாயகன் ஒரு பட்டாணி! அது முளைத்துக் கொடியாவதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தார். ஓட்டிக் காட்டினால் செடி கண்ணெதிரே வளர்ந்தது. பணம் போட யோசித்தவர் அதைப் பார்த்துத்தான் சம்மதித்தார். மனைவி சரஸ்வதிபாய் நகைகளைக் கொடுத்தார். இருட்டறையில் ஃபிலிமுக்குத் துளை போட்டார், கழுவினார், படப்பிடிப்புக் குழு முழுவதுக்கும் சமைத்தும் போட்டார். நடிக்கப் பெண்கள் யாரும் முன்வராததால், ஓட்டலில் சமையல் வேலை பார்த்த சாலுங்கே தாராமதி ஆனார். ராஜா ஹரிச்சந்திரா 1913 மே 3 அன்று பம்பாய் கொரோனேஷன் கொட்டகையில் வெளியானது.

அடுத்த பாடம் சூரத்தில். முதல் நாள் வசூல் மூன்றே ரூபாய் என்பார்கள். ஜனங்கள் இரண்டணாவுக்கு ஆறு மணி நேர நாடகம் பார்த்துப் பழகியவர்கள். ஒன்றரை மணி நேரப் படத்துக்கு மூன்றணா எதற்கு என்று நினைத்தார்கள். பால்கே படத்தை நீட்டவில்லை, விளம்பரத்தை மாற்றினார். 57,000 போட்டோக்கள், இரண்டு மைல் நீளப் படம், எல்லாம் மூன்றணாவுக்கு என்று அறிவித்தார். கூட்டம் வந்துவிட்டது. பார்ப்பவன் எதை வைத்துக் கணக்குப் போடுகிறான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் கடைசி வருஷப் புராஜெக்டுக்காக நாங்கள் தியேட்டர் வாசலில் கேள்வித்தாளோடு நின்றோம். நல்ல கருத்துள்ள படம்தான் பிடிக்கும் என்று எழுதிக் கொடுத்த அதே முகங்கள், அடுத்த வாரம் சண்டைப் படத்துக்கு வரிசையில் நின்றன. சூரத் கதையின் அருமை எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927-28-ல் அரசு நடத்திய திரைப்பட விசாரணை, 353 பேரை விசாரித்தது. யார் படம் பார்க்கிறார்கள், எதைப் பார்க்கிறார்கள் என்றெல்லாம் கேட்டார்கள். பால்கேயும் அங்கே சாட்சி சொன்னார்.

ஆனால் 1931-ல் படம் பேச ஆரம்பித்ததும் ஜனங்களின் காது வேறு பக்கம் திரும்பிவிட்டது. 1937-ல் வந்த கங்காவதரண்தான் அவர் எடுத்த ஒரே பேசும் படம், கடைசிப் படமும் அதுவே. 1944 பிப்ரவரி 16 அன்று நாசிக்கில் காலமானார். அவர் பெயரில் விருது வந்தது 1969-ல். கூட்டத்தை அவ்வளவு தெரிந்தவரையே கூட்டம் விட்டுவிட்டுப் போனதே என்று எனக்கு இன்றும் வருத்தம்தான்.

தம்பி, தங்கைகளே! இன்று உங்கள் பையிலேயே கேமரா இருக்கிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையும் உடனே கிடைக்கிறது. அதோடு நிறுத்திவிடாதீர்கள். தியேட்டரில் ஒரு காட்சியாவது திரையை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கிற முகங்களைப் பாருங்கள். வருஷா வருஷம் பாருங்கள், ஏனென்றால் அந்த முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் படங்களைப் பார்க்க நாங்கள் காத்திருக்கிறோம். வாழ்த்துகள்!